மூணாம் பாகத்துல வருமே சார்

2009இல் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டம். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். குஸ்தாவ் ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’ நாவலைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசி முடித்திருந்தேன். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவர் என்று பிறகு சொன்னார்கள். கையில் அந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தது. பக்கங்களுக்கு நடுவே துண்டுத் துண்டாகக் காகிதம் செருகியிருந்தார்.

“சார், எம்மா காதல்ல ஏமாந்து செத்தாங்கன்னு சொன்னீங்க. எனக்கு அப்படித் தோணலை. புரோநோட்டு எழுதிக் குடுத்துத்தான் செத்தாங்க. அந்த ஜவுளிக்கடைக்காரர் நோட்டை மாத்தி மாத்தி எழுத வச்சே அவங்களை முடிச்சுட்டார். மூணாம் பாகத்துல வருமே சார்.”

எந்த ஜவுளிக்கடைக்காரர் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் பாகத்தை நான் திறந்ததே கிடையாது. தொண்டை வறண்டது. ஆனால் வாய் நிற்கவில்லை.

“அம்மா, நாவலைக் கணக்குப்பிள்ளை மாதிரி படிக்கக் கூடாது. வரவு செலவை விடுங்க, அவ மனசைப் பாருங்க. ஊன்றிப் படிச்சவங்களுக்கு அது தெரியும்.”

கைதட்டினார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த அறையில் அந்த நாவலை ஊன்றிப் படித்தவர் அவர் ஒருவர்தான். நான் படித்திருந்தது முதல் ஐம்பது, அறுபது பக்கம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1998இல் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி. ஷார்ல் பொவாரி பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்து நிற்பதையும், அவனுடைய விநோதமான தொப்பியையும், குடியானவர் வீட்டுக் கல்யாணத்தையும், எம்மா ஒரு பிரபுவின் மாளிகை நடன விருந்துக்குப் போய்வருவதையும் படித்தேன். அதற்குமேல் ஓடவில்லை. எனக்குச் சலித்தது. இவ்வளவு பெரிய நாவல் எனக்குச் சலிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. அன்றைக்கே நண்பர்களிடம் “எனக்கு இது பிடிபடலைப்பா” என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஒரு சாயங்காலம் தேநீர்க் கடையில், நான் மதிக்கும் ஒருவர் “பொவாரி படிச்சாச்சா?” என்று கேட்டார். “ம்” என்றேன். அவர் எம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் தலையாட்டினேன். பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் அந்த “ம்” என்ற ஒற்றை எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

காப்பாற்றுவது சுலபமாகத்தான் இருந்தது. இந்த நாவலுக்குப் பின்னால் வந்த கதைகளில் எம்மா திரும்பத் திரும்ப நடமாடுகிறாள். அந்தக் கதைகள் எனக்குப் பிடித்திருந்தன. அவற்றைப் படித்தால் போதும், மூலத்தைப் படித்தவன் மாதிரி பேசலாம் என்று கண்டுகொண்டேன்.

முதலில் கிடைத்தது வுடி ஆலன் 1977இல் நியூயார்க்கர் இதழில் எழுதிய கூகல்மாஸ் கதை. நியூயார்க் கல்லூரிப் பேராசிரியர் கூகல்மாஸுக்கு இல்லறத்தில் நிம்மதி இல்லை. பெர்ஸ்கி என்ற மந்திர வித்தைக்காரன் ஒரு பெட்டி வைத்திருக்கிறான். அதற்குள் ஆளை உட்கார வைத்து ஒரு நாவலைப் போட்டால் ஆள் அந்த நாவலுக்குள் போய்விடுவார். கூகல்மாஸ் எம்மாவிடம் போகிறார். நாடெங்கும் வகுப்புகளில் நாவலைப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள், நூறாம் பக்கத்தில் திடீரென்று முளைத்த இந்த வழுக்கைத் தலை ஆள் யாரென்று திகைக்கிறார்கள். பிறகு எம்மா நியூயார்க்குக்கு வருகிறாள். பெட்டி பழுதாகிறது. பிளாசா ஹோட்டலில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் அவளுடைய பில் ஏறிக்கொண்டே போகிறது. இந்தக் கதையைப் பல மேடைகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். பில் விஷயம் வரும்போது நானும் சிரித்தேன். எம்மாவையும் பில்லையும் அவர் ஏன் சேர்த்து வைத்தார் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

அடுத்தது ஜூலியன் பார்ன்ஸின் ‘ஃப்ளோபேரின் கிளி’, 1984. ஓய்வுபெற்ற மருத்துவர் ஜெஃப்ரி பிரெய்த்வெய்ட் ஃப்ளோபேரின் மேஜையில் இருந்த பாடம் செய்த கிளி எது என்று தேடி ரூவான் நகரத்துக்குப் போகிறார். தேடுவது கிளியை. சொல்ல முடியாமல் தவிப்பது தன் மனைவி எலனின் கதையை. அதில் எம்மாவின் கண்கள் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அவள் கண்ணின் நிறத்தை ஃப்ளோபேர் கவனமில்லாமல் மாற்றி மாற்றி எழுதிவிட்டார் என்று ஆக்ஸ்ஃபோர்டின் அறிஞர் எனிட் ஸ்டார்க்கி குறை சொன்னதையும், அதற்குப் பார்ன்ஸின் மருத்துவர் நாவலிலிருந்து இடம் இடமாக எடுத்துக்காட்டி மறுமொழி சொல்வதையும் அங்கே படிக்கலாம். அந்த இடங்களை அப்படியே என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மேடையில் அவற்றை நானே நாவலை வரிவரியாகப் படித்துக் கண்டுபிடித்ததுபோல் சொன்னேன். பார்ன்ஸின் பெயரைச் சொல்லவில்லை. இது திருட்டு.

போசி சிம்மண்ட்ஸின் படக்கதை ‘ஜெம்மா பவரி’ 1999இல் புத்தகமாக வந்தது. அதற்கு முன்பு கார்டியன் நாளிதழில் தொடராக வந்த கதை. நார்மண்டிக்குக் குடிவரும் ஆங்கிலேயப் பெண் ஜெம்மா, கணவன் சார்லி. பக்கத்து ரொட்டிக்கடைக்காரர் ஜூபேர் அந்தப் பெயர்களைக் கேட்ட நாளிலிருந்து, இவளும் எம்மா மாதிரியே சாவாள் என்ற பயத்தில் அவளை விடாமல் கவனிக்கிறார், அவள் வாழ்க்கையில் தலையிடுகிறார். கடைசியில் அவள் ஆர்செனிக் குடித்துச் சாகவில்லை. ரொட்டித் துண்டு தொண்டையில் சிக்கிச் சாகிறாள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை அளப்பவர், எதிரில் நிற்கும் பெண்ணைப் பார்க்கவே மாட்டார் என்பதுதான் கதை.

கேதன் மேத்தா 1993இல் எடுத்த ‘மாயா மேம்சாப்’ படத்தில் எம்மாவின் இடத்தில் தீபா சாஹியைப் பார்த்தேன். டாம் பெரோட்டாவின் ‘லிட்டில் சில்ட்ரன்’ 2006இல் படமானபோது, கேட் வின்ஸ்லெட் ஒரு வாசகர் வட்டத்தில் எம்மாவுக்காக வாதாடும் காட்சியைப் பார்த்தேன். இன்னொருத்தி எம்மாவைக் கேவலமாகப் பேச, இவள் பொறுமையாகத் தான் படித்ததிலிருந்து பதில் சொல்வாள். அந்தக் காட்சியை நிறையப் பேரிடம் சிலாகித்திருக்கிறேன். மூன்று வருடம் கழித்து என் எதிரிலேயே ஒரு வாசகர் வட்டத்தில் ஒரு பெண் புத்தகத்தோடு எழுந்து நின்றார். நான் அவரை உட்கார வைத்தேன்.

என் பேச்சில் எப்போதும் எடுபட்டது வழக்குக் கதை. அதற்கு நாவலைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1856 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ‘ரெவ்யூ த பரி’ இதழில் தொடராக வந்தது. பொது ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் கேடு என்று அரசு வழக்குப் போட்டது. 1857 ஜனவரி 29 விசாரணை. அரசுத் தரப்பில் எர்னஸ்ட் பினார், ஃப்ளோபேருக்காக ழூல் செனார். பிப்ரவரி 7 அன்று, கண்டன வார்த்தைகளோடு விடுதலை. அதே பினார் அதே ஆண்டு ஆகஸ்டில் போதலேரின் ‘தீமையின் மலர்கள்’ தொகுப்பின் மீதும் வழக்கு நடத்தினார். அங்கே அபராதம் விழுந்தது, ஆறு கவிதைகளுக்குத் தடை. இதையெல்லாம் தேதி பிசகாமல் சொல்வேன். தேதி சரியாக இருந்ததால் மற்றதையும் நம்பினார்கள். பினார் நீதிமன்றத்தில் என்ன செய்தார் தெரியுமா? குற்றச்சாட்டுக்குப் போகும் முன் நாவலின் கதையை முதலிலிருந்து கடைசிவரை நீதிபதிகளுக்கு எடுத்துச் சொன்னார். தண்டிக்க வந்தவர்கூட முழுதாகப் படித்துவிட்டுத்தான் வந்தார்.

எம்மாவும் அவள் காதலன் லெயோனும் ரூவானில் குதிரை வண்டியில் சுற்றும் காட்சியை, இதழ்க்காரர்களே பயந்துபோய் வெட்டினார்கள். இந்தத் தகவலைச் சொல்லிவிட்டு, “அந்தக் காலத்தில் யாரும் இவ்வளவு துணிந்து உடலுறவை வர்ணித்ததில்லை” என்பேன். அரங்கம் நிமிர்ந்து உட்காரும். நான் சொன்னது பொய் என்று எனக்கே தெரியாது. அந்தப் பக்கத்தைப் படிக்காமல் எப்படித் தெரியும்?

எலினர் மார்க்ஸையும் நான் விட்டுவைக்கவில்லை. கார்ல் மார்க்ஸின் இளைய மகள். 1886இல் இந்த நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், 1898இல் அவரும் விஷம் குடித்துத் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பேச்சின் முடிவுக்குக் கொஞ்ச நேரம் முன்பு இதைச் சொல்லி நிறுத்துவேன். கூட்டம் உறைந்துபோகும். ஒரு மனுஷியின் சாவை என் பேச்சுக்கு மெருகாகத் தடவியிருக்கிறேன். அவர் கமா கமாவாக உட்கார்ந்து மொழிபெயர்த்த புத்தகம் என் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது.

2014இல் ஒரு சிற்றிதழ் எம்மாவின் மறுபிறவிகளைப் பற்றிக் கட்டுரை கேட்டது. கூகல்மாஸ், கிளி, ரொட்டிக்கடைக்காரர் எல்லோரையும் கோத்து எழுதினேன். அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த பாராட்டு மாதிரி என் மற்ற எழுத்து எதற்கும் கிடைத்ததில்லை. ஒரு ஆய்வு மாணவி அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். “சார், உங்க பிரதியைப் பாக்கலாமா? ஓரத்துல குறிப்பு எழுதி வச்சிருப்பீங்கல்ல?” என்றாள்.

“ரெண்டு வாரம் கழிச்சு வாம்மா, தேடி எடுத்து வைக்கிறேன்” என்றேன்.

இதைச் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது. அன்று ராத்திரி அந்தப் பழைய பிரதியை எடுத்து, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். படிப்பதற்காக உட்காரவில்லை. பல வருடமாகப் படித்தவன் எழுதியதுபோல் ஓரத்தில் குறிப்பெழுத உட்கார்ந்தேன். எழுத்து ஒரே நாளில் எழுதியதுபோல் தெரியக் கூடாது என்று இரண்டு பென்சில், ஒரு நீலப் பேனா வைத்துக்கொண்டேன். ஒரு சின்னப் பெண்ணை ஏமாற்ற அவ்வளவு முன்யோசனை.

குறிப்பெழுத வேண்டுமானால் பக்கத்தைப் படித்தாக வேண்டும். நடன விருந்தைத் தாண்டிப் போனேன்.

இரண்டாம் பாகத்தில் விவசாயக் கண்காட்சி. மேலே நகர மன்ற அறையில் ரொதோல்ஃப் எம்மாவின் காதில் காதல் பேசுகிறான். கீழே மேடையில் உரம், ஆடு, பன்றி என்று பரிசு அறிவிக்கிறார்கள். இந்தக் காட்சியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன், பேசியும் இருக்கிறேன். கத்தரின் லெரூவைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே பண்ணையில் 54 ஆண்டுகள் வேலை செய்ததற்காக 25 பிராங்க் மதிப்புள்ள வெள்ளிப் பதக்கம் வாங்க மேடையேறும் கிழவி. ஆட்களைப் பார்த்துப் பயந்து நிற்கிறாள். சாம்பலும் காரமும் தின்ற அவள் கைகளை ஃப்ளோபேர் நின்று பார்க்கிறார். பதக்கத்தைப் பாதிரியாரிடம் கொடுத்துப் பூசை வைக்கச் சொல்வதாக முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போகிறாள். அவ்வளவுதான், நாவலில் அவள் திரும்ப வருவதில்லை. நான் படித்த பிற்காலக் கதை எதிலும் அவள் இல்லை. நான் பென்சிலைத் தொடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் பாகத்தில் அந்தக் குதிரை வண்டி வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு சொல் இல்லை. தேவாலயத்திலிருந்து புறப்பட்டு வண்டி ஊரைச் சுற்றுகிறது. தெருப் பெயர்கள், துறைமுகம், மறுபடி தெருப் பெயர்கள். நிறுத்தப் பார்த்தால் உள்ளேயிருந்து குரல் விரட்டுகிறது. வண்டிக்காரன் தாகத்திலும் களைப்பிலும் அழாத குறை. நடுவே ஒருமுறை, மஞ்சள் திரைக்கு அடியில் ஒரு வெறுங்கை வெளியே வந்து கிழித்த காகிதத் துண்டுகளை வீசுகிறது. லெயோனை மறுத்து அவளே எழுதிக் கொண்டுவந்த கடிதமாகத்தான் அது இருக்க வேண்டும். இதைத்தான் அப்பட்டமான வர்ணனை என்று கூட்டம் கூட்டமாகச் சொல்லியிருக்கிறேன். நான் பேசிய இடங்கள், கேட்டவர்களின் முகங்கள் எல்லாம் வரிசையாக வந்தன.

பிறகு லெரோ. அந்த ஜவுளி வியாபாரி. உண்மையில் அவன் இரண்டாம் பாகத்திலேயே வந்துவிடுகிறான். கழுத்துத் துணிகளை எம்மா முன்னால் விரித்து வைத்து, பணத்துக்கு என்ன அவசரம் என்று சிரிக்கிறான். அவள் நோயில் கிடக்கும்போது ஷார்லிடம் நோட்டு எழுதி வாங்குகிறான். ஆறு சத வட்டி, அதற்குமேல் கமிஷன் என்று ஃப்ளோபேர் கணக்கை விடாமல் எழுதுகிறார். எம்மா தன் கையில் பவர் பத்திரம் வாங்கிக்கொள்ள அவன்தான் வழி காட்டுகிறான். நோட்டு முதிர்ந்தால் புது நோட்டு, அதையும் இன்னொருவன் கைக்கு மாற்றிவிடுகிறான். கடைசியில் கோர்ட் உத்தரவு வருகிறது: இருபத்து நாலு மணி நேரத்தில் 8,000 பிராங்க் கட்ட வேண்டும். வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுக்க ஆட்கள் வருகிறார்கள். லெயோனிடம் போகிறாள், கிடைக்கவில்லை. நோட்டரியிடம் போகிறாள், அவன் அவளையே கேட்கிறான். வரி வசூலிப்பவனிடம் போகிறாள். ரொதோல்ஃபிடம் 3,000 பிராங்க் கேட்கிறாள், இல்லை என்கிறான். அதற்கப்புறம்தான் மருந்துக்கடை, ஆர்செனிக்.

கந்துவட்டிக்குப் பயந்து சாகும் குடும்பங்களைப் பற்றிப் பேப்பரில் படிக்கிற ஊரில் வாழ்கிறேன். இந்த நாவலைக் காதல் தோல்வி என்று சொல்லிக் கைதட்டு வாங்கினேன். வங்கியில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு ஒரு நோட்டு எப்படிப் பெருகும், எப்படிக் கைமாறும் என்று தெரியும். என் பேச்சை எத்தனையோ பேர் கேட்டார்கள், ஃப்ளோபேர் எழுதியதைப் புரிந்துகொண்டவர் அவர். ஏறக்குறைய ஐந்து ஆண்டு உழைத்து எழுதிய இந்த நாவலுக்குப் பதிப்பாளர் மிஷேல் லெவி முதலில் கொடுத்தது 800 பிராங்க். எம்மாவின் கடனில் பத்தில் ஒரு பங்கு. காசு என்றால் என்னவென்று ஃப்ளோபேருக்கும் தெரிந்திருந்தது, அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. கணக்குப்பிள்ளை என்று நான் அவமானப்படுத்தியது இரண்டு பேரையும்.

எம்மா இறந்த பிறகும் நாவல் நிற்கவில்லை, ஷார்லோடு தொடர்கிறது. மேடையில் அவனை “மந்தமான கணவன்” என்று இரண்டு வார்த்தையில் கடந்துவிடுவேன். ரொதோல்ஃபின் கடிதங்களைக் கண்டெடுத்த பிறகும் அவனைச் சந்திக்கும்போது, உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை என்கிறான் ஷார்ல். மறுநாள் தோட்டத்துப் பெஞ்சில் எம்மாவின் கூந்தலைக் கையில் பிடித்தபடி செத்துக் கிடக்கிறான். சாப்பிடக் கூப்பிட வந்த சின்னப் பெண் பெர்த், அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து மெல்லத் தள்ளுகிறாள். எல்லாம் விற்றுக் கடன் போக மிஞ்சியது 12 பிராங்க் 75 சாந்தீம். பாட்டி வீட்டுக்கு அவளை அனுப்பும் வழிச்செலவுக்கு அது சரியாக இருந்தது. பாட்டியும் அதே வருடம் இறக்க, ஏழை அத்தை ஒருத்தி அவளைப் பஞ்சாலைக்குக் கூலி வேலைக்கு அனுப்புகிறாள். எம்மாவின் மகள் பஞ்சாலைக்குப் போனாள் என்பது எனக்கு அந்த ராத்திரிவரை தெரியாது.

பிளாசா ஹோட்டல் பில் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிரெய்த்வெய்ட் ஏன் ஒரு மருத்துவர், அவர் மனைவி ஏன் செத்தாள் என்பதும் புரிந்தது. அந்தக் கதைகள் ஒவ்வொன்றும் நாவலை முழுதும் உள்வாங்கியவர்கள் எழுதியவை. மூலத்தைப் படித்தவனுக்காக உள்ளே ஒரு வாசல் வைத்திருந்தார்கள். நான் அந்த வாசலில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே போய்வந்தவன் மாதிரி பேசினேன். வுடி ஆலனுக்கும் பார்ன்ஸுக்கும்கூட நான் துரோகம் செய்திருக்கிறேன்.

படித்து முடித்ததும் நல்லவனாகிவிட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஓரத்தில் எழுதியிருந்த பொய்க் குறிப்புகளை அழிப்பானால் தேய்த்தேன், நீலப் பேனா போகவில்லை. மாணவி வந்தபோது “தொலைஞ்சுபோச்சும்மா” என்று சொல்லிவிட்டேன். புதுப் பிரதி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். “பரவாயில்ல சார்” என்று நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவள் ஆய்வேட்டில் என் 2014 கட்டுரை மேற்கோளாக இருக்கிறது.

பிறகு வாசகர் வட்டத்தை நடத்திய நண்பருக்குப் போன் செய்தேன். 2009 கூட்டத்தில் கேள்வி கேட்ட பெண்ணை நினைவிருக்கிறதா என்றேன். “அந்த வங்கியில இருந்தவங்களா? மாசம் தவறாம வருவாங்க. அன்னைக்கப்புறம் வரலை” என்றார். மாற்றலாகிப் போயிருப்பார்கள் என்று அவரே எனக்கு ஆறுதலாக ஏதோ சேர்த்தார். பெயர் கேட்டேன். அவருக்கு நினைவில்லை. அன்றைக்கு நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மா, நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ. 2014 கட்டுரை வெளிவந்த அதே சிற்றிதழுக்குத்தான் இதை அனுப்புகிறேன், அந்த மாணவிக்கும் ஒரு பிரதி அனுப்புவேன். நீங்கள் சொன்னது சரி. மூன்றாம் பாகம், ஆறாம் அத்தியாயத்தின் கடைசியில் வருகிறது.